வேகமும் திசைவேகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

கடந்த தொலைவை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது வேகம். இடப்பெயர்ச்சியை, அதாவது தொடங்கிய இடத்திலிருந்து முடித்த இடத்துக்கு உள்ள நேர்கோட்டுத் தொலைவையும் திசையையும், நேரத்தால் வகுத்தால் கிடைப்பது திசைவேகம். வேகத்துக்கு எண்ணும் அலகும் போதும், ஆகவே அது ஸ்கேலர். திசைவேகத்துக்கு அவற்றோடு திசையும் வேண்டும், ஆகவே அது வெக்டர். இரண்டுக்கும் அலகு ஒன்றுதான்: மீட்டர்/விநாடி.

"வேகத்தோடு திசையைச் சேர்த்தால் திசைவேகம்" என்று பலர் மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட கணத்தைப் பற்றிப் பேசும்போது இது சரி. சராசரியைக் கேட்டால் தவறிப்போகும், ஏனென்றால் அங்கே வகுபடும் எண்ணே வேறு. சராசரி வேகம் 12 மீ/வி ஆக இருக்கும் அதே பயணத்தில் சராசரித் திசைவேகம் 3 மீ/வி ஆகவோ சுழியாகவோ இருக்கலாம். பாடப்புத்தகக் கணக்குகளில் நடக்கும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது.

இலங்கைப் புத்தகத்தில் "வேகம்" என்ற சொல் வேறு பொருளில் வருகிறதே?

ஆம். தமிழ்நாட்டுப் பாடநூலின் வேகம், இலங்கைப் பாடநூலில் கதி. தமிழ்நாட்டில் திசைவேகம் எனப்படுவது அங்கே வேகம். முடுக்கம் (திசைவேகம் மாறும் வீதம்) அங்கே ஆர்முடுகல். ஒரு நாட்டு மாணவர் மற்ற நாட்டின் வினாத்தாளையோ காணொளியையோ பார்த்துப் படிக்கும்போது முதலில் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் முழுவதும் தமிழ்நாட்டு வழக்கே.

தொலைவும் இடப்பெயர்ச்சியும் எப்போது வேறுபடும்?

பாதை வளைந்தாலோ, போன வழியில் சிறிதளவு திரும்பி வந்தாலோ வேறுபடும். ஒருவர் கிழக்கே 3 கிமீ போய், அங்கிருந்து வடக்கே 4 கிமீ போகிறார். தொலைவு 7 கிமீ. இடப்பெயர்ச்சி 5 கிமீ, கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி சுமார் 53° சாய்வில். மொத்தம் 1 மணி நேரம் ஆனால் சராசரி வேகம் 7 கிமீ/மணி. சராசரித் திசைவேகம் 5 கிமீ/மணி, அதே 53° திசையில். விடையில் அந்தக் கோணத்தையோ திசையையோ எழுதாவிட்டால் திசைவேகத்தைச் சொன்னதாக ஆகாது.

தொலைவு ஒருபோதும் இடப்பெயர்ச்சியின் அளவைவிடக் குறையாது. உங்கள் விடையில் குறைந்திருந்தால் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது. விடையைச் சரிபார்க்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

ஓட்டப்பந்தயத் திடலில் ஒரு சுற்று ஓடினால் சராசரித் திசைவேகம் சுழிதானே?

தொடங்கிய அதே புள்ளியில் முடித்தால் மட்டும். பாடநூல்கள் 400 மீட்டர் திடலை எடுத்துக்காட்டாகக் காட்டி "சுழி" என்று முடித்துவிடும். முதல் பாதையில் ஓடுபவருக்கு அது சரி. உண்மையான 400 மீட்டர் போட்டியில் வெளிப்பாதைக்காரர்கள் வளைவில் முன்தள்ளி நிற்கிறார்கள். வெளிப்பாதையின் சுற்றளவு அதிகம் என்பதால் எல்லாரும் சரியாக 400 மீட்டர் ஓடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது.

2016 ரியோ ஒலிம்பிக்கில் வேய்ட் வான் நீகெர்க் 43.03 விநாடியில் உலக சாதனை படைத்தது 8ஆவது பாதையில். அவருடைய சராசரி வேகம் 400 ÷ 43.03 = 9.30 மீ/வி. திசைவேகத்துக்கு அவர் நின்ற இடம் வேண்டும். நியமத் திடலில் 8ஆவது பாதையின் ஓட்டக்கோட்டு ஆரம் 45.24 மீ. அந்தப் பாதையின் தொடக்கப்புள்ளி, முடிவுக்கோட்டைத் தாண்டி வளைவின் வழியே 53.03 மீ தள்ளி இருக்கும். வில்லின் நீளம் 53.03 என்றால் அதன் நாண் (இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு) சுமார் 50.0 மீ. அந்த நாண்தான் இடப்பெயர்ச்சி. 50.0 ÷ 43.03 = 1.16 மீ/வி, தொடக்கப்புள்ளியிலிருந்து முடிவுக்கோட்டின் திசையில். ஆக, சுழி அல்ல.

இடப்பெயர்ச்சியை எப்போதும் இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டும்: எங்கே தொடங்கினார், எங்கே முடித்தார். "ஒரு சுற்று" என்ற சொல்லைக் கண்டதும் சுழி எழுதுவது ஆபத்து.

போகும்போது 40, வரும்போது 60 கிமீ/மணி. சராசரி வேகம் 50 தானே?

இல்லை, 48. ஒரு வழித் தொலைவு 120 கிமீ என்று வைத்துக்கொள்வோம். போக 3 மணி, வர 2 மணி. மொத்தம் 240 கிமீ, 5 மணி நேரம்; 240 ÷ 5 = 48. மெதுவாகப் போன பகுதியில் அதிக நேரம் கழிந்திருப்பதால் சராசரி அதன் பக்கம் சாய்கிறது. தொலைவை எதுவாக எடுத்தாலும் இதே விடைதான் வரும்.

அதே 40, 60 இரண்டிலும் சம *நேரம்* ஓட்டியிருந்தால் சராசரி 50 ஆகியிருக்கும். வினாவில் சமமாக இருப்பது தொலைவா நேரமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். திரும்பி வந்துவிட்டதால் சராசரித் திசைவேகம் இரண்டு நிலையிலும் சுழி என்று எழுதிவிடாதீர்கள்: சம நேரக் கணக்கில் அவர் 40இல் 1 மணி போய், 60இல் 1 மணி எதிர்த்திசையில் வந்தால், புறப்பட்ட இடத்தைத் தாண்டி 20 கிமீ பின்னால் இருப்பார்.

சராசரி வேகம், கணநேர வேகம்: இரண்டும் எவ்வளவு வேறுபடும்?

2009 ஆகஸ்டில் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். சராசரி 10.44 மீ/வி. அதே ஓட்டத்தில் 60 மீட்டரிலிருந்து 80 மீட்டர் வரையிலான 20 மீட்டருக்கு அவர் எடுத்துக்கொண்டது 1.61 விநாடி, அந்தத் துண்டில் 12.42 மீ/வி. துண்டைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் கிடைக்கும் எல்லை மதிப்புதான் கணநேர வேகம்.

கணநேரத்தில் வேகமும் திசைவேகத்தின் அளவும் எப்போதும் சமம். மிகச் சிறிய நேரத்தில் பாதை வளைய இடமில்லை, தொலைவும் இடப்பெயர்ச்சியும் ஒன்றாகிவிடுகின்றன. நேரம் நீளும்போதுதான் இரண்டும் பிரிகின்றன.

வண்டியின் ஸ்பீடோமீட்டர் காட்டுவது எது?

கணநேர வேகம். திசை அதற்குத் தெரியாது. சக்கரம் அல்லது கியர்பாக்ஸ் தண்டு சுழலும் வீதத்தை டயரின் சுற்றளவால் பெருக்கி அது எண்ணைக் காட்டுகிறது. டயர் தேய்ந்து சுற்றளவு குறைந்தால் அதே வேகத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுழலும், மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஐ.நா. வாகன விதி 39 இன்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டுவது உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் 4 கிமீ/மணியும் வரை இருக்கலாம். கைப்பேசியின் ஜி.பி.எஸ். செயலி பெரும்பாலும் மீட்டரைவிடக் குறைவாகக் காட்டுவதற்கு இதுவே காரணம், மீட்டர் கெட்டுவிட்டதாகப் பொருளில்லை.

மீட்டரோடு திசைகாட்டியையும் சேர்த்துப் படித்தால் திசைவேகம் கிடைக்கும். ஜி.பி.எஸ். கருவி செய்வது இதைத்தான்: செயற்கைக்கோள் சமிக்ஞைகளின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து மூன்று அச்சுகளிலும் திசைவேகத்தைக் கண்டுபிடித்து, திரையில் அதன் அளவை மட்டும் காட்டுகிறது.

திசைவேகம் எதிர்க்குறியில் வரலாமா? அப்படியென்றால் வண்டி வேகம் குறைகிறதா?

வரலாம். எதிர்க்குறி திசையை மட்டும் சொல்கிறது: நீங்கள் நேர்க்குறி என்று தேர்ந்த திசைக்கு எதிராக நகர்கிறது. −20 மீ/வி இல் போகும் வண்டி, +5 மீ/வி இல் போவதைவிட விரைவாகப் போகிறது.

முடுக்கத்தின் எதிர்க்குறியும் இதே குழப்பத்தைக் கொடுக்கும். திசைவேகம் −10 மீ/வி, முடுக்கம் −2 மீ/வி² என்றால் ஒரு விநாடி கழித்துத் திசைவேகம் −12. வேகம் கூடியிருக்கிறது. விதி சுலபம்: இரண்டும் ஒரே குறி என்றால் வேகம் கூடும், வெவ்வேறு குறி என்றால் குறையும். "எதிர்முடுக்கம் என்றால் வேகம் குறைதல்" என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

மேலே எறிந்த பந்துக் கணக்கில் குறிகளை எப்படி வைப்பது?

முதலில் தாளில் ஓர் அம்புக்குறி வரைந்து "மேல் = நேர்க்குறி" என்று எழுதுங்கள். பிறகு எந்த எண்ணைச் சமன்பாட்டில் இடுவதானாலும் அந்த அம்பைப் பார்த்துவிட்டு இடுங்கள். நடுவில் மாற்றக் கூடாது.

25 மீ உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்தை 20 மீ/வி இல் செங்குத்தாக மேலே எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி², காற்றுத் தடையை விட்டுவிடுவோம். தொடக்கத் திசைவேகம் +20. முடுக்கம் −10. தரையை அடையும்போது இடப்பெயர்ச்சி −25. எத்தனை விநாடி? 5. சரிபார்ப்போம்: 20 × 5 = 100; ½ × 10 × 25 = 125; 100 − 125 = −25. பொருந்துகிறது.

தரையைத் தொடும்போது திசைவேகம் 20 − 10 × 5 = −30 மீ/வி. வேகம் 30 மீ/வி. சராசரித் திசைவேகம் −25 ÷ 5 = −5 மீ/வி. சராசரி வேகத்துக்குப் பாதையைப் பார்க்க வேண்டும்: மேலே 20 மீ ஏறி, அங்கிருந்து 45 மீ இறங்குகிறது; மொத்தம் 65 மீ; 65 ÷ 5 = 13 மீ/வி. ஒரே பந்து, ஒரே 5 விநாடி. ஒரு விடை −5, மற்றொன்று 13.

இந்தக் கணக்கில் வழக்கமாக நேரும் பிழை இரண்டு. மேலே போகும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் தனித்தனியாகப் பிரித்து, இறங்கும் உயரத்தை 45க்குப் பதில் 25 என்று எடுப்பது ஒன்று. உச்சியில் திசைவேகம் சுழி என்பதால் முடுக்கமும் சுழி என்று எழுதுவது மற்றொன்று. உச்சியிலும் முடுக்கம் அதே −10 தான். சுழியாகியிருந்தால் பந்து அங்கேயே நின்றுவிடும்.

வேகம் மாறாமல் திசைவேகம் மாற முடியுமா?

முடியும். 36 கிமீ/மணி, அதாவது 10 மீ/வி மாறா வேகத்தில் ஒரு பேருந்து கிழக்கு நோக்கி வந்து, வளைவில் 5 விநாடியில் வடக்கு நோக்கித் திரும்புகிறது. ஸ்பீடோமீட்டர் முள் அசையவே இல்லை. ஆனால் கிழக்குத் திசைவேகம் 10 இலிருந்து 0 ஆகியிருக்கிறது, வடக்குத் திசைவேகம் 0 இலிருந்து 10 ஆகியிருக்கிறது. மாற்றத்தின் அளவு 14.1 மீ/வி, திசை வடமேற்கு. 5ஆல் வகுத்தால் சராசரி முடுக்கம் 2.83 மீ/வி². நிற்கும் பயணிகள் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பது இந்த முடுக்கத்தால்தான்.

இதன் மறுதலை நடக்காது. திசைவேகம் மாறாமல் இருந்தால் வேகமும் மாறாது, பாதையும் நேர்கோடாகவே இருக்கும்.

சுவரில் மோதித் திரும்பும் பந்தின் திசைவேக மாற்றம் எவ்வளவு?

10 மீ/வி இல் போய் 8 மீ/வி இல் திரும்பினால் மாற்றம் 2 அல்ல, 18. போகும் திசை நேர்க்குறி என்றால், −8 − 10 = −18 மீ/வி. கிரிக்கெட்டில் 30 மீ/வி இல் வரும் பந்தை மட்டையாளர் 40 மீ/வி இல் நேராகத் திருப்பி அடித்தால் மாற்றம் 70 மீ/வி. 0.16 கிகி பந்துக்கு உந்த (நிறை × திசைவேகம்) மாற்றம் 11.2 கிகி மீ/வி. வேகங்களை மட்டும் கழித்தவருக்கு 1.6 என்று வரும். மட்டையின் மீது படும் விசையை ஏழு மடங்கு குறைத்து மதிப்பிட்டுவிடுவார்.

ஆற்றைக் கடக்கும் படகுக் கணக்கில் ஏன் 4 + 3 = 5 ஆகிறது?

திசைவேகங்கள் அம்புகளாகக் கூடுகின்றன. 80 மீ அகல ஆறு. நீரோட்டம் 3 மீ/வி. அமைதியான நீரில் படகின் வேகம் 4 மீ/வி. படகின் முனையை நேராக எதிர்க்கரை நோக்கி வைத்தால் இரண்டும் செங்குத்து. கரையிலிருந்து பார்ப்பவருக்குப் படகு 5 மீ/வி இல் சாய்வாகப் போகும். கடக்கும் நேரத்தைக் காண இந்த 5ஐப் பயன்படுத்தி 80 ÷ 5 = 16 என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. அகலத்தைக் கடப்பது 4 மீ/வி கூறு மட்டுமே: 80 ÷ 4 = 20 விநாடி. அந்த 20 விநாடியில் நீர் படகை 60 மீ கீழே இழுத்துவிடும்.

நேர் எதிரே கரை சேர வேண்டுமென்றால் முனையை நீரோட்டத்துக்கு எதிராகச் சுமார் 48.6° திருப்ப வேண்டும். அப்போது குறுக்கே போகும் கூறு 2.65 மீ/வி, நேரம் சுமார் 30 விநாடி. நீரோட்டம் 4 மீ/வி அல்லது அதற்கு மேல் போனால் எந்தக் கோணத்தில் திருப்பினாலும் நேர் எதிரே சேர முடியாது.

வடகிழக்குப் பருவக்காற்றின் திசைவேக அம்பை எந்தப் பக்கம் வரைவது?

தென்மேற்கு நோக்கி. காற்றுக்கு அது புறப்பட்டு வரும் திசையால் பெயரிடுவது வானிலையாளர் வழக்கம். தமிழின் வாடை, தென்றல், கொண்டல், கோடை ஆகிய பெயர்களும் முறையே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு ஆகிய புறப்படும் திசைகளைத்தான் குறிக்கின்றன. கடல் நீரோட்டத்துக்கு வழக்கம் நேர்மாறு: அது போய்ச்சேரும் திசையே சொல்லப்படும். வானிலை அறிக்கையில் காற்று 45° என்றிருந்தால் 180° கூட்டி 225° என்று அம்பு வரையுங்கள்.

ராக்கெட் ஏவும்போது திசை அவ்வளவு முக்கியமா?

இந்தப் பாடத்தின் முழு வலிமையும் தெரிவது இங்கேதான். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது; நிலநடுக்கோட்டில் தரை 465 மீ/வி இல் நகர்கிறது. சுமார் 13.7° வட அட்சத்தில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் அது ஏறத்தாழ 450 மீ/வி. கிழக்கு நோக்கி ஏவினால் இந்த 450 இலவசமாகச் சேரும். புவிநிலைச் சுற்றுப்பாதைக்கான ஏவுதல்கள் கிழக்கே வங்கக்கடலுக்கு மேல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

துருவச் சுற்றுப்பாதைக்குத் தெற்கு நோக்கிப் போக வேண்டும். அங்கே அந்த 450 உதவாது, அது தவறான திசையில் இருக்கிறது. அதற்கு மேல், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கிடும். ஆகவே பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்காகப் போய், பிறகு தெற்கே திரும்புகிறது. திசையைத் திருப்புவதற்கு எரிபொருள் செலவாகும். 7.5 கிமீ/வி இல் போகும் பொருளின் திசையை, வேகம் மாறாமல், 10° மட்டும் திருப்ப 1.3 கிமீ/வி திசைவேக மாற்றம் தேவை. 60° திருப்ப வேண்டுமானால் 7.5 கிமீ/வி, அதாவது அதன் வேகம் முழுவதற்கும் சமமான மாற்றம். வேகம் 2.5 கிமீ/வி ஆக இருக்கும்போதே அந்த 10° திருப்பினால் 0.44 கிமீ/வி போதும். திருப்பத்தை முன்கூட்டியே முடித்துவிடுவது இதனால்தான் சிக்கனம்.

தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து நேர் தெற்கே இந்தியப் பெருங்கடல்தான். இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது. எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அந்தத் திருப்பச் செலவு மிச்சமாவது, கொண்டுபோகும் எடையில் நேரடியாகத் தெரியும்.

அப்படியென்றால் "விடுபடு திசைவேகம்" 11.2 கிமீ/வி என்பதற்கு ஏன் திசை சொல்வதில்லை?

பூமியின் ஈர்ப்பை விட்டு வெளியேறத் தேவையான அது உண்மையில் ஒரு வேகம். ஆற்றல் கணக்கிலிருந்து வரும் மதிப்பு அது. இயக்க ஆற்றலில் வேகத்தின் இருபடிதான் இருக்கிறது, திசை இல்லை. காற்றை மறந்துவிட்டால், தரையில் மோதாத எந்தத் திசையில் எறிந்தாலும் அதே 11.2 தான். பழைய பெயர் புத்தகங்களில் நின்றுவிட்டது. "விடுபடு வேகம்" என்பதே பொருத்தம்.

வரைபடத்தில் எதிலிருந்து எது கிடைக்கும்?

இடப்பெயர்ச்சி–நேர வரைபடத்தின் சாய்வு திசைவேகம். தொலைவு–நேர வரைபடத்தின் சாய்வு வேகம்; அந்தக் கோடு கீழே இறங்கவே இறங்காது, இறங்குவதாக வரைந்திருந்தால் வரைபடமே தவறு.

திசைவேகம்–நேர வரைபடத்தில் பரப்பைக் கவனிக்க வேண்டும். முதல் 4 விநாடி +6 மீ/வி, அடுத்த 2 விநாடி −3 மீ/வி என்றால் அச்சுக்கு மேலே பரப்பு 24, கீழே 6. கழித்தால் இடப்பெயர்ச்சி 18 மீ, கூட்டினால் தொலைவு 30 மீ. சராசரித் திசைவேகம் 3, சராசரி வேகம் 5.

ஆய்வகத்திலோ வீட்டிலோ இவற்றை எப்படி அளப்பது?

ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தால் கை தாமதிப்பதால் சுமார் 0.2 விநாடி பிழை வரும். 1 விநாடியில் முடியும் ஓட்டத்துக்கு அது 20%. தொலைவைக் கூட்டி 10 விநாடி ஆகும்படி செய்தால் 2%.

டிக்கர் டைமர் (வண்டி இழுக்கும் காகித நாடாவில் சம நேர இடைவெளியில் புள்ளி வைக்கும் கருவி) 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 0.02 விநாடி விடும். தொடக்கத்தில் நெருங்கிக் கிடக்கும் புள்ளிகளை விட்டுவிட்டு, ஐந்தைந்து இடைவெளிகளாக வெட்டுங்கள்; ஒவ்வொன்றும் 0.1 விநாடி. ஒரு துண்டு 2.4 செமீ என்றால் 0.24 மீ/வி. இந்த நாடா ஒரு பக்கம் மட்டுமே இழுபடும், வண்டி திரும்பி வந்தால் நாடா தொய்ந்துவிடும். ஆகவே இது திரும்பி வரும் இயக்கத்துக்கு ஆகாது.

திசைவேகம் வேண்டுமென்றால் கைப்பேசிக் காணொளி நல்லது. வண்டி ஓடும் அதே தளத்தில் ஒரு மீட்டர் அளவுகோலை வையுங்கள். அளவுகோல் வண்டிக்குப் பின்னால் தள்ளி இருந்தால் நகர்ந்த தூரம் கூடுதலாகத் தெரியும். கைப்பேசி ஓட்டத்துக்குச் செங்குத்தாக, 2 முதல் 3 மீ தள்ளி, அசையாமல் இருக்கட்டும். விநாடிக்கு 30 படம் என்றால் இரண்டு படங்களுக்கு இடையே 0.033 விநாடி. மெதுவோட்டமாக விநாடிக்கு 240 படம் எடுத்தால், கோப்பு பெரும்பாலும் 30ஆக விரித்து ஓடும். திரையில் தெரியும் நேரத்தை அப்படியே எடுத்தால் வேகம் எட்டில் ஒரு பங்காக வரும். ஒவ்வொரு படத்திலும் வண்டியின் இடத்தை, அளவுகோலின் சுழியிலிருந்து, குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இடத்திலிருந்து முந்தைய இடத்தைக் கழித்து, இடைப்பட்ட நேரத்தால் வகுங்கள். கழிக்கும் வரிசையை மாற்றாதிருந்தால், வண்டி திரும்பும் இடத்தில் குறி தானாகவே எதிர்க்குறியாக மாறும்.